வார்த்தை எல்லாம் தெரிகிறது, வாக்கியம்தான் பிடிபடவில்லை

கேள்வி: ஐயா, வணக்கம். தென்மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படிக்கிறேன். தெரியாத சொற்களைத் தனி நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஆனாலும் சட்டப் பிரிவையோ தீர்ப்பையோ படித்துப் பதில் எழுதினால் தவறாகிவிடுகிறது. திருட்டு பற்றிய கேள்விக்கு, பொருளை எடுத்துச் சென்றால்தான் குற்றம் என்று எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. ஒரு வழக்கில் நீதிமன்றம் சொன்னதாக நான் எழுதியது, தோற்ற தரப்பின் வழக்கறிஞர் சொன்னதாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா? ஆங்கில நாவல்கள் படி என்கிறார் சீனியர் ஒருவர். மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்ற வாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். அங்கே சொல்லித் தருவதற்கும் உங்கள் சிக்கலுக்கும் சம்பந்தம் இல்லை. சட்ட மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதே என் தொழில். தமிழ் வழியில் படித்து வருகிறவர்களிடம் மட்டும்தான் இந்தக் குறை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்து, சரளமாகப் பேசும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். அவர்கள் விழுந்ததே தெரியாமல் எழுந்து போய்விடுகிறார்கள். உங்களுக்காவது விழுந்தது தெரிகிறது.

நீங்கள் எழுதிய இரண்டு தவறுகளுக்கும் மூலம் ஒன்றுதான். தெரிந்த சொற்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றுக்கு இடையே என்ன இருக்கும் என்பதை நீங்களே ஊகித்து நிரப்பியிருக்கிறீர்கள். தலையங்கத்தில் இந்த வித்தை பலிக்கும். பட்ஜெட், விவசாயி, ஏமாற்றம் என்று மூன்று சொல் கண்ணில் பட்டாலே கட்டுரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடலாம். சட்ட வாக்கியம் அப்படிப்பட்டதல்ல. அதில் ஒரு சொல்லை விட்டால் ஒருவர் சிறைக்குப் போவார், அல்லது வெளியே வருவார்.

திருட்டையே எடுத்துக்கொள்வோம். பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் மூலம் மட்டும் அச்சான நூலை, திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 378ஆம் பிரிவாக இருந்த திருட்டின் இலக்கணம், அதாவது வரையறைதான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் முதல் உட்பிரிவாக நிற்கிறது. வாக்கியம் ‘ஹூஎவர்’ என்று தொடங்குகிறது. உடனே காற்புள்ளி. பிறகு 18 சொற்கள். அடுத்த காற்புள்ளியைத் தாண்டிய பிறகுதான் அந்த ‘எவர்’ என்ன செய்கிறார் என்பதைச் சொல்லும் வினை வருகிறது: ‘மூவ்ஸ்’, அதாவது நகர்த்துகிறார்.

நடுவே உள்ள 18 சொற்களும் அவர் மனத்துக்குள் ஓடுவதைச் சொல்பவை. ஒருவர் வசம் உள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற முறையில் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம். ‘டேக்’ என்ற சொல் இந்த எண்ணத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. நடந்தே தீர வேண்டிய செயல் நகர்த்துவது; எடுத்துச் செல்வது நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் வாக்கியத்தில் முதலில் கண்ணில் பட்ட ‘டேக்’கைப் பிடித்துக்கொண்டு, அதுவே குற்றம் என்று எழுதிவிட்டீர்கள்.

இங்கே வேடிக்கையான ஒன்று உண்டு. தமிழில் எத்தனை நீளமான வாக்கியமாக இருந்தாலும் வினைமுற்று கடைசியில் வரும் என்று நாம் பொறுமையாகக் காத்திருப்போம். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தப் பொறுமையைக் கழற்றி வைத்துவிடுகிறோம். எழுவாய்க்கு அடுத்தது வினை என்று பள்ளியில் படித்த பாடம் உள்ளே பதிந்து கிடக்கிறது அல்லவா? முதலில் எதிர்ப்படும் வினைச்சொல்லையே முற்று என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆகவே சட்ட ஆங்கிலத்தைப் படிக்கும்போது தமிழ் வாசகனின் பொறுமையைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுவாயை வட்டமிடுங்கள். அது எந்த வினையில் போய் முடிகிறது என்று தேடி அதையும் வட்டமிடுங்கள். இரண்டும் கிடைக்காமல் அகராதியைத் தொடாதீர்கள்.

எலும்புக்கூடு கிடைத்த பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பாருங்கள். ‘பொசெஷன்’ என்று இருக்கிறது, வசம். பொருள் அடுத்தவருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும் என்று அந்த வாக்கியத்தில் எங்காவது இருக்கிறதா? தேடிப் பாருங்கள், இருக்காது. ‘அடுத்தவர் சொத்து’ என்பதை நம் பொதுப்புத்தி கொண்டுவந்து செருகுகிறது. தன் பொருளையே ஒருவர் திருட முடியுமா என்ற கேள்வி இப்போது எழ வேண்டும். அது எழுந்தால்தான் நீங்கள் வாசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

விடையும் அதே பிரிவில் இருக்கிறது. இலக்கணத்துக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டுகளை மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், நுணுகிப் படிக்கப் பழகுவதற்கு அவற்றைவிட நல்ல பயிற்சி நூல் கிடையாது. கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர், கூலியைத் தராமல் பாக்கி வைத்திருக்கிறார். கூலிக்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி தன்னிடமே வைத்திருக்கிறார். அந்த ஈட்டைப் பறிக்கும் எண்ணத்தோடு உடைமையாளர் தன் கடிகாரத்தை எடுத்துப் போனால் அது திருட்டு. பாக்கியே இல்லாதவர் கடைக்குள் நுழைந்து தன் கடிகாரத்தைப் பலவந்தமாகப் பிடுங்கிப் போனால் வேறு குற்றங்கள் வரலாம், திருட்டு வராது. அவரிடம் நேர்மையற்ற எண்ணம் இல்லை. இரண்டும் அடுத்தடுத்த எடுத்துக்காட்டுகள். ஒருவர் சட்டைப்பையில் நாய்த் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைத் தன் பின்னே வரவழைக்கிறார் என்று இன்னொன்று. எண்ணம் நேர்மையற்றதாக இருந்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய அந்தக் கணமே திருட்டு முடிந்துவிட்டது. அவர் வீடு போய்ச் சேர வேண்டியதில்லை. நீங்கள் மதிப்பெண்ணை இழந்த இடம் இதுதான்.

ஆகவே பயிற்சி இப்படி இருக்கட்டும். எடுத்துக்காட்டுகளை ஒரு தாளால் மூடுங்கள். இலக்கணத்தை மட்டும் மூன்று முறை படியுங்கள். முதல் முறை எழுவாயும் வினையும். இரண்டாம் முறை ஒவ்வொரு தொடரும் எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்ப்பது. ‘வசத்திலிருந்து’ என்பது எடுப்பதோடு சேருமா, நகர்த்துவதோடு சேருமா? மூன்றாம் முறை ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது. ‘மூவ்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘டேக்ஸ்’ என்று போட்டால் யார் தப்பித்துக்கொள்வார்? ‘பொசெஷன்’ இருக்கும் இடத்தில் ‘ஓனர்ஷிப்’ என்று போட்டால்? பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, சட்டம் படிக்காத ஒருவருக்கு, அம்மாவுக்கோ அறைத் தோழருக்கோ, தமிழில் சொல்லுங்கள். தமிழில் சொல்லத் தடுமாறும் இடம்தான் ஆங்கிலத்தில் உங்களுக்குப் புரியாத இடம். கடைசியாகத் தாளை ஒவ்வொரு எடுத்துக்காட்டாக இறக்கி, குற்றமா இல்லையா என்று நீங்கள் ஒரு முடிவு சொல்லிவிட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிரிவு போதும். வேகம் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். வேகம் தானாக வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

அடுத்தது சின்னச் சொற்கள். உங்கள் சொல் நோட்டில் என்னென்ன இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நீளமான, அழகான, வருடத்துக்கு ஒரு முறை எதிர்ப்படும் சொற்கள். ‘அன்லெஸ்’, ‘அன்டில்’, ‘எக்ஸெப்ட்’, ‘சப்ஜெக்ட் டு’, ‘ப்ரொவைடெட் தட்’ ஆகியவை இருக்காது, தெரிந்த சொற்கள்தானே என்று விட்டிருப்பீர்கள். சட்டம் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

நீங்கள் ஏன் ஆங்கிலத்தில் அவதிப்பட வேண்டியிருக்கிறது என்பதற்கே ஒரு வாக்கியம் இருக்கிறது. அரசியலமைப்பின் 348ஆவது உறுப்பு. அது ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்குகிறது: இந்தப் பகுதியில் இதற்கு முன்னால் என்ன சொல்லியிருந்தாலும் சரி. அடுத்து ‘அன்டில்’: நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் வேறு ஏற்பாடு செய்யும் வரை. அதன் பிறகுதான், உச்ச நீதிமன்றத்திலும் ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. வேகமாகப் படிப்பவர் ‘உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே’ என்று குறிப்பு எழுதிக்கொண்டு போய்விடுவார். நின்று படிப்பவருக்கு ‘அன்டில்’ என்ற ஒற்றைச் சொல்லில் அந்த ஏற்பாடு மாறக்கூடியது என்பது தெரியும். இரண்டாம் உட்பிரிவுக்குப் போங்கள். குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஆளுநர், மாநிலத்தின் ஆட்சி அலுவல்களில் பயன்படும் மொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் அனுமதிக்கலாம் என்கிறது. ‘மே’ (செய்யலாம்) என்ற சொல்லைக் கவனியுங்கள், ‘ஷல்’ (செய்தாக வேண்டும்) இல்லை. ‘ப்ரீவியஸ்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அனுமதித்துவிட்டுப் பிறகு ஒப்புதல் கேட்க முடியாது. கடைசியில் ‘ப்ரொவைடெட் தட்’ என்று ஒரு வால்: தீர்ப்பு, தீர்ப்பாணை, உத்தரவு ஆகியவற்றுக்கு இந்த உட்பிரிவு பொருந்தாது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று மேடையில் முழங்குபவர்களிலும் வேண்டாம் என்பவர்களிலும் எத்தனை பேர் இந்த வாலைப் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

‘நாட்வித்ஸ்டாண்டிங்’, ‘சப்ஜெக்ட் டு’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன். முதலாவதற்குப் பின்னால் வருவது தோற்கும். இரண்டாவதற்குப் பின்னால் வருவது ஜெயிக்கும். மதச் சுதந்திரத்தைத் தரும் 25ஆவது உறுப்பு, பொது ஒழுங்கு, அறநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் வாய் திறக்கிறது. உரிமையைச் சொல்வதற்கு முன்பே எல்லையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பிடித்த பிறகும் வேலை முடிவதில்லை. அதைப் பக்கத்து வாக்கியங்களோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். இதற்கு 21ஆவது உறுப்பைவிடப் பெரிய பாடம் இல்லை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். பேச்சுரிமை முதலான சுதந்திரங்களைத் தரும் 19ஆவது உறுப்பு ‘சிட்டிசன்ஸ்’ என்கிறது. 21 ‘பெர்சன்’ என்கிறது. குடிமகன் அல்லாதவருக்கும் 21 உண்டு, 19 இல்லை. தேர்வில் இதைக் கேட்காத ஆண்டு குறைவு.

அதிலுள்ள ‘ப்ரொசீஜர் எஸ்டாப்ளிஷ்டு பை லா’ என்ற நான்கு சொற்களைப் பாருங்கள். அமெரிக்க அரசியலமைப்பின் ‘டியூ ப்ராசஸ்’ (உரிய, நியாயமான நடைமுறை) என்ற தொடரை ஒதுக்கிவிட்டு, நம் அரசியலமைப்பை வகுத்தவர்கள் தெரிந்தே இதை வைத்தார்கள். 1950இல் சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் இந்தச் சொற்களைத் தனியாக நிறுத்திப் படித்தார்கள். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தால் போதும் என்றார்கள். நீதிபதி ஃபஸல் அலி மாறுபட்டார். 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் அதே நான்கு சொற்கள் மீண்டும் வந்தன. இந்த முறை நீதிமன்றம் அவற்றைச் சமத்துவம் பற்றிய 14, சுதந்திரங்கள் பற்றிய 19 ஆகிய உறுப்புகளோடு சேர்த்துப் படித்தது. நடைமுறை என்றால் நியாயமானதாக, தன்னிச்சையற்றதாக இருக்க வேண்டும் என்றது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, வாசிப்பு மாறியது. இரண்டு தீர்ப்புகளிலும் இந்தத் தொடரை ஆராயும் பத்திகளை மட்டும் எடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். முழுத் தீர்ப்புகளையும் இப்போது படிக்க முயல வேண்டாம், அவை மிக நீளமானவை.

தீர்ப்பு என்றதும் உங்கள் இரண்டாவது தவறு. ஒரு தீர்ப்புக்குள் பல குரல்கள் பேசும். மனுதாரர் தரப்பு, எதிர்மனுதாரர் தரப்பு, கீழ் நீதிமன்றம், முந்தைய தீர்ப்புகளின் மேற்கோள்கள், கடைசியில் இந்த நீதிமன்றம். சில நீதிபதிகள் தோற்கப்போகும் வாதத்தை அவ்வளவு நேர்மையாக, அவ்வளவு வலுவாக எடுத்து எழுதுவார்கள். படிக்கிறவர் அதுவே தீர்ப்பு என்று நம்பிவிடுவார். நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. பத்தியின் தொடக்கத்தில் ‘இட் வாஸ் கன்டெண்டெட்’ அல்லது ‘லேர்னட் கவுன்சல் சப்மிட்டெட்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த பத்து வரிகளுக்கு அதை மீண்டும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பத்து வரியும் வழக்கறிஞருடைய குரல்தான். ஆகவே பத்திக்குப் பத்தி ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். மனுதாரருக்கு ‘ம’, எதிர்மனுதாரருக்கு ‘எ’, கீழ் நீதிமன்றத்துக்கு ‘கீ’, மேற்கோளுக்கு ‘மே’, இந்த நீதிமன்றத்துக்கு ‘நீ’. எழுத்து போட முடியாத பத்தி வந்தால், குரல் எங்கே மாறியது என்று பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். விடைத்தாளில் ‘நீ’ போட்ட பத்திகளிலிருந்து மட்டும் எடுத்து ‘நீதிமன்றம் கூறியது’ என்று எழுதுங்கள்.

நீதிபதிகளின் மரியாதையும் ஆளை ஏமாற்றும். ‘வி ஆர் அனேபிள் டு அக்ஸீட்’ என்று படித்துவிட்டு, ஏதோ இயலாமையைச் சொல்கிறார் என்று நினைத்த மாணவர் உண்டு. வாதத்தை நிராகரிக்கிறோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். ‘ஈவன் அஸ்யூமிங்’ என்று தொடங்கினால், அப்படியே வைத்துக்கொண்டாலும் உங்கள் கட்சி நிற்காது என்று சொல்லப்போகிறார்; பின்னால் வருவதை அவர் ஒப்புக்கொண்டதாக எழுதிவிடாதீர்கள். இரட்டை எதிர்மறை வந்தால் இரண்டையும் அடித்துவிட்டுப் படிக்கும் குறுக்குவழி ஆபத்து. நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்றால், நியாயமானது என்று அவர் சொல்லிவிட்டதாக ஆகாது. எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதும் சொன்னதன் ஒரு பகுதி. தீர்ப்பின் தலையில் அச்சாகும் ஹெட்நோட் பற்றியும் ஒரு வார்த்தை. அது சட்ட இதழின் பதிப்பாசிரியர் எழுதுவது, தீர்ப்பின் பகுதி அல்ல. கடைசியில் பாருங்கள், முதலில் வேண்டாம்.

சொல் நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, உள்ளே எழுதுவதை மாற்றுங்கள். தெரிந்த சொல் தெரியாத பொருளில் வரும் இடங்களைச் சேர்த்து வையுங்கள். ‘லீவ்’ என்றால் நீதிமன்றத்தில் அனுமதி, ‘ப்ரேயர்’ என்றால் கோரிக்கை, ‘கன்சிடரேஷன்’ என்றால் ஒப்பந்தத்தில் கைமாறு. தெரியாத சொல் உங்களை நிறுத்தும், அகராதியைப் பார்ப்பீர்கள். தெரிந்ததுபோல் இருக்கும் சொல் நிறுத்தாது.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்ப்பது தவறா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூச்சத்தோடு பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தாராளமாகப் பாருங்கள். அரசியலமைப்பு தமிழில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும் மொழிபெயர்க்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. வரிசை மட்டும் முக்கியம். முதலில் ஆங்கிலம், பிறகு உங்கள் சொந்தத் தமிழ், அதற்குப் பிறகு அச்சான தமிழ். போன் செயலியில் போட்டு முதலிலேயே தமிழாக்கிப் படித்தால், ‘ப்ரொவைடெட் தட்’ எங்கே போய் ஒட்டியது என்பதை அந்தச் செயலி தீர்மானித்திருக்கும், நீங்கள் அல்ல. கடைகளில் விற்கும் கைடு விஷயத்திலும் இதே கணக்குதான். உங்கள் ‘எடுத்துச் சென்றால்தான்’ விடைகூட ஏதோ ஒரு கைடில் இருந்து வந்ததோ என்று எனக்கு ஐயம்.

நாவல் படியுங்கள், நல்லது. ஆனால் அதை இந்தக் குறைக்கு மருந்தாக நினைக்காதீர்கள். கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடும், நிற்க விடாது.

மூட் கோர்ட்டுக்குப் பெயர் கொடுங்கள். பெரும்பாலான போட்டிகளில் அணியில் வாதிடுகிறவர் இருவர், ஆய்வாளர் ஒருவர். முதல் முறை ஆய்வாளர் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். மேடையில் பேச வேண்டிய அச்சம் இருக்காது. வழக்கின் விவரத்தாளைப் படித்து, எந்த வரி எந்தத் தரப்புக்கு உதவும் என்று பிரித்து, தீர்ப்புகளில் ‘நீ’ போட்ட பத்திகளைத் தேடிக் கொடுப்பதுதான் வேலை. விவரத்தாள் கைக்கு வந்ததும் முதல் நாள் எந்தத் தீர்ப்பையும் தேடாதீர்கள். அந்தத் தாளை மட்டும், தேதிகளையும் ‘மே’, ‘ஷல்’களையும் வட்டமிட்டுக்கொண்டு, மாலை வரை படியுங்கள்.